குரலும் உருவமும்: தொடக்ககாலப் பேசும்படத்தில் பி.யு. சின்னப்பா

பேசும்படத்தின் தொடக்கத்தில் நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்தது. கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் 1935இல் ‘பாக்ய சக்ரா’ என்னும் வங்காளப் படத்தில் பின்னணிப் பாடலைப் புகுத்தி, குரலை உருவத்தினின்று பிரித்தது. தமிழில் 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ அம்முறையைக் கையாண்டது. ஆயினும், பாடும் நடிகரின் செல்வாக்கு இங்கு உடனே குன்றவில்லை. நாடகக் குழுக்கள் அளித்த பயிற்சி அதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

புதுக்கோட்டையில் 1916இல் பிறந்த பி.யு. சின்னப்பா இதற்குத் தக்க சான்றாவார். இளமையிலேயே நாடக மேடையேறி இசையும் நடிப்பும் ஒருங்கே பயின்ற அவர், ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) படத்தின் ஒரு பாடற்காட்சியில் பாடகராகவும் பக்கவாத்தியக் கலைஞர்களாகவும் ஐந்து உருவங்களில் தோன்றினார். ஒளிப்பதிவு நுட்பம் உருவத்தைப் பெருக்கியபோதும், பாடும் குரல் அவருடையதாகவே இருந்தது. 1951இல் சின்னப்பா மறைந்தார். அப்பத்தாண்டில் பின்னணிப் பாடகர் மரபே தமிழ்த் திரையில் நிலைபெற்றது.