கோபத்தில் கேட்கும் துஆ

அஸருக்குப் பின் வீட்டுப்பாடம், அடுப்பில் கறி, இடுப்பில் கைக்குழந்தை. இந்த நேரத்தில்தான் பல உம்மாமாரின் வாயிலிருந்து "மௌத்தாப் போ" என்ற சொல் வந்துவிடுகிறது. கேட்டால், "கோபத்தில் சொன்னது, மனதார அல்ல" என்பார்கள்.

பத்னு புவாத் பயணத்தில் ஒருவர், நகர மறுத்த தன் ஒட்டகத்தைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அவரை அதிலிருந்து இறங்கச் சொன்னார்கள். துஆ ஏற்கப்படும் நேரமாக அது அமைந்துவிடலாம் என்பதால், பிள்ளைகளுக்கு எதிராகவும் பிரார்த்திக்க வேண்டாமெனத் தடுத்தார்கள் (முஸ்லிம்). அந்த மனிதரும் கோபத்தில்தானே சொன்னார்!

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவும், தணியாவிட்டால் படுக்கவும் வழிகாட்டியுள்ளார்கள் (அபூதாவூத்). கைக்குழந்தையோடு படுப்பதெங்கே என்பீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள் சகோதரிகளே, கறி பிந்தட்டும். பழகிய நாக்கு சும்மா இராது. "அல்லாஹ் உன்னை ஸாலிஹான பிள்ளையாக்கட்டும்" என்றே அதட்டிப் பாருங்கள். அந்நேரம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும் வாப்பாவிடம் கைக்குழந்தையைக் கொடுங்கள்.