மெய்க்காவல்

தமிழ்நாட்டிற்கும் ஆந்திரத்திற்கும் இடையே, வங்கக் கடலை ஒட்டிப் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. அதன் கரையில் வாழும் மீனவர் 'பாடு' என்னும் முறையைத் தொன்றுதொட்டுப் போற்றி வருகின்றனர். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலையிடுவது என ஊரார் கூடி வரையறுப்பதே பாடு. படகும் வலையும் வலிய தோள்களும் எத்துணை இருப்பினும், முறை வகுப்பார் இல்லையாயின் தொழில் சீர்குலையும். மனித உடலின் காவலும் இத்தகையதே.

காற்றாலும் நீராலும் உணவாலும் நோய்க்கிருமிகள் நாள்தோறும் உடலினுட் புகுகின்றன. அவற்றை எதிர்த்து நிற்பவை குருதியிலுள்ள வெள்ளணுக்கள். அவற்றுள் சில, கிருமிகளை விழுங்கும். சில, எதிர்ப்பொருள்களைச் சுரக்கும். சில, கிருமி புகுந்த உயிரணுக்களை அழிக்கும். இவற்றை ஏவி நடத்துவன 'சி.டி.4' என்னும் வெள்ளணுக்களாம். நலமுடையார் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு இவை 500 முதல் 1500 வரை இருக்கும்.

எச்.ஐ.வி. என்னும் நுண்கிருமி தாக்குவது இவ்வணுக்களையே. 1983-ஆம் ஆண்டில் பாரிசு நகரின் பாஸ்டர் நிறுவனத்தார் இக்கிருமியைக் கண்டறிந்தனர். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வினால், இந்தியாவிலும் அது பரவியுள்ளமை முதன்முதலாகத் தெரியவந்தது.

இக்கிருமி சி.டி.4 அணுவைப் பற்றி உட்புகுந்து, தன் மரபுக் குறிப்பை அவ்வணுவின் மரபுக் குறிப்போடு இணைத்துவிடும். அதன்பின் அவ்வணு தன் கடமை துறந்து, பகைவனையே பெருக்கி, இறுதியில் மடியும். பல்லாண்டுகள் வெளிக்குறி ஏதுமின்றி இவ்வழிவு நிகழக்கூடும். அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழ்ச் செல்லின், அந்நிலை எய்ட்சு எனப்படும். அப்பொழுது காசம் முதலிய நோய்கள் தடையின்றிப் புகும். உயிரைக் கவர்வன பெரும்பாலும் அந்நோய்களே.

எனினும் அஞ்சி ஒடுங்க வேண்டுவதில்லை. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல், தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்குரிய கூட்டு மருந்து விலையின்றி வழங்கப்படலாயிற்று. அம்மருந்து கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கும். குறைந்த அணுக்கள் மீண்டும் பெருகும். ஆயினும், சில அணுக்களுள் கிருமி உறங்கிக் கிடப்பதால், மருந்தை வாழ்நாள் முழுதும் இடைவிடாது உட்கொள்ளல் வேண்டும்.

பாதுகாப்பற்ற உடலுறவாலும், கிருமியுள்ள குருதியாலும் ஊசியாலும், தாயிடமிருந்து சேய்க்கும் இந்நோய் பரவும். ஒரே படகிற் செல்வதாலோ, ஒரே கலத்தில் உண்பதாலோ, தொடுவதாலோ, கொசுக்கடியாலோ பரவாது. நோயுற்றாரை ஒதுக்குதலை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் விலக்குகின்றது. ஒதுக்கப்படுவோம் என்னும் அச்சத்தால் சோதனைக்கு வாராது ஒளிபவரே காலந்தாழ்ந்து உயிரிழக்கின்றனர். ஆதலின், நோயுற்றாரை அன்புடன் அணைத்துக்கொள்ளும் ஊரே அவர்தம் உயிரையும் காக்கும் ஊராகும்.