பொம்மை விற்றால்தான் அடுத்த பாகம்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய கணக்குதான் இது. குழந்தைகள் படத்துக்கு நாம் டிக்கெட் எடுக்கிறோம். படம் எடுத்தவரின் கண் பல நேரம் பொம்மைக் கடை மேல் இருக்கிறது.

‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்துக்கு ஒப்பந்தம் பேசியபோது, இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் சம்பளத்தை உயர்த்திக் கேட்டிருக்கலாம். அவரோ பொம்மை, சட்டை போன்றவற்றின் விற்பனை உரிமையையும் அடுத்த பாகங்களின் உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அதில் பெரிய காசு இருப்பதாக ஸ்டூடியோ அப்போது நினைக்கவில்லை.

பொம்மை செய்ய ஒத்துக்கொண்ட கென்னர் கம்பெனியே படம் இந்த ஓட்டம் ஓடும் என்று எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சரக்கு தயாராகவில்லை. அதனால் பொம்மையே இல்லாத அட்டை உறையை விற்றார்கள்! உள்ளே பொம்மைகளை நிறுத்திவைக்க ஒரு அட்டை மேடை, சில ஸ்டிக்கர்கள், ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் படத்தில் வரும் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 நால்வரும் அடுத்த வருஷம் வீடு வந்து சேர்வார்கள். 1978இல் 4 கோடிக்கும் மேல் பொம்மைகள் விற்றன.

பொம்மையின் உயரத்தையும் பாருங்கள். பழைய ஜி.ஐ. ஜோ பொம்மை 12 அங்குலம். அதற்கேற்ற விண்கலம் செய்தால் கூடமே நிறைந்துவிடும். கென்னர் ஆளை 3¾ அங்குலமாகக் குறைத்தது. கலமும் வாங்கக்கூடிய விலைக்குள் வந்தது. ஆள் கிடைத்த பிள்ளை அடுத்து கலம் கேட்கும்.

கிடங்கு, விற்காமல் தேங்கும் சரக்கு எல்லாம் பொம்மைக்காரர் பாடு. கதாபாத்திரத்தின் உரிமையாளருக்கு மொத்த விற்பனை விலையில் குறிப்பிட்ட சதவீதம் ராயல்டி. விற்றாலும் விற்காவிட்டாலும் இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகையையும் முன்கூட்டியே பேசிவிடுவது வழக்கம்.

இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிள்ளை தனக்குப் பிடித்த ஆளைக் கையில் வைத்து விளையாடுவது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் காசு கதைக்குள் கை வைப்பது என்னை உறுத்துகிறது. முதல் இரண்டு ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் தயாரிப்பாளர் கேரி கர்ட்ஸ் 2010இல் இதை வெளிப்படையாகச் சொன்னார்: மூன்றாம் படத்தில் ஹான் சோலோ என்ற கதாபாத்திரம் இறப்பதாகத்தான் முதலில் பேச்சு, பொம்மை வியாபாரத்தை நினைத்து அது கைவிடப்பட்டது என்றார்.

டிவியில் இன்னும் கடுமை. ‘யங் ஜஸ்டிஸ்’ கார்ட்டூனுக்கு மேட்டல் கம்பெனியின் பொம்மைப் பணம் பக்கபலமாக இருந்தது. பொம்மை போகவில்லை, மேட்டல் விலகியது, 2013இல் தொடர் நின்றது. தயாரித்தவர்களில் ஒருவரான கிரெக் வைஸ்மன் சொன்ன காரணம் இதுதான். ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள். 2019இல் அது திரும்பி வந்தது, சந்தா கட்டிப் பார்க்கும் ஸ்ட்ரீமிங்கில். அங்கே காசு கொடுத்தது தொடரைப் பார்த்தவர்கள்.