கடல் வழி திறந்தாயிற்று; கரையில் நிற்கிறது சரக்கு

புது தில்லி: வக்ஃப் திருத்த மசோதாவை மக்களவை நிறைவேற்றி முடித்தபோது 2025 ஏப்ரல் 3-ஆம் தேதி அதிகாலை மணி இரண்டை நெருங்கியிருந்தது. அதே நாள் பகலில் மீண்டும் கூடிய அவை, கடலோரக் கப்பல் போக்குவரத்து மசோதாவை எடுத்துக்கொண்டு நிறைவேற்றியது. முந்தைய இரவின் சூடு தணியாத தலைநகரில் அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே. நான்கு மாதங்கள் கழித்து, ஆகஸ்ட் 7-ஆம் தேதி அது மாநிலங்களவைக்கு வந்தபோது, பிகார் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சியினர் முழக்கமிட்டுக்கொண்டிருந்தனர். அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. இரண்டே நாளில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது.

இப்படிச் சந்தடியில் பிறந்த சட்டம்தான், இந்தியாவின் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு யார் சரக்கு ஏற்றிச் செல்லலாம் என்பதைத் தீர்மானிக்க வந்திருக்கிறது. உள்துறை அமைச்சகத்தின் புதிய அளவீட்டின்படி நமது கடற்கரையின் நீளம் 11,098 கிலோமீட்டர். ஆனால் நாட்டின் மொத்தச் சரக்கில் உள்நாட்டு நீர்வழிகளும் கடலோரக் கப்பல்களும் சேர்ந்து சுமப்பது 6 சதவீதம்தான். எஞ்சியதில் பெரும் பங்கு லாரிகளிலும் ரயில்களிலும் செல்கிறது.

நூற்றாண்டுக் கோரிக்கை

கடலோர வணிகம் யாருக்கு என்பது நாடாளுமன்றத்துக்குப் புதிய கேள்வி அல்ல. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ. சிதம்பரனார் எதிர்கொண்டது இதே கேள்வியைத்தான். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனத்தின் கட்டணக் குறைப்புப் போட்டியிலும் அரசின் அடக்குமுறையிலும் சுதேசிக் கப்பல் வீழ்ந்தது. அதே ஆங்கிலேய நிறுவனங்களின் பிடியை உடைக்க, 1928-ல் எஸ்.என். ஹாஜி மத்திய சட்டப்பேரவையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். இந்தியக் கடலோர வணிகம் இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். அது சட்டமாகவில்லை. விடுதலைக்குப் பிறகுதான் அந்தக் கோரிக்கை அரசின் கொள்கையாயிற்று. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தின் 14-வது பகுதியில் அது விதியாக இடம்பெற்றது.

புதிய சட்டம் அந்தப் பகுதிக்கு மாற்றாக வந்துள்ளது. இந்தியக் கப்பல்கள் கடலோர வணிகத்துக்கெனத் தனி உரிமம் பெற வேண்டியதில்லை. அந்நியக் கப்பல்கள் கப்பல் துறைத் தலைமை இயக்குநரிடம் உரிமம் பெற வேண்டும். மாலுமிகள் எந்நாட்டவர், கப்பல் எங்கே கட்டப்பட்டது என்பன போன்ற நிபந்தனைகளை அவர் விதிக்கலாம். கடலோர, உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கான தேசியத் திட்டம் ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்குள் வகுக்க வேண்டும். அதை வகுக்கும் பணியில் மாநிலங்களுக்கும் இடம் உண்டு. கப்பல் துறை அமைச்சர் சர்வானந்த சோனோவால் முன்வைக்கும் இலக்கு, 2030-க்குள் ஆண்டுக்கு 23 கோடி டன் கடலோரச் சரக்கு.

உரிமம் நீங்கியது நல்லதே. சொந்த நாட்டுக் கடலில் சொந்த நாட்டுக் கப்பல் ஓடத் தனி அனுமதிச் சீட்டு கேட்டதற்கு நியாயம் சொல்வது கடினம். ஆனால் இந்தியக் கப்பல் உரிமையாளர்களின் அச்சம் வேறு இடத்தில் இருக்கிறது.

2018 மே மாதம் மத்திய அரசு பிறப்பித்த ஓர் ஆணை, ஏற்றுமதி, இறக்குமதிக் கன்டெய்னர்களையும் காலிக் கன்டெய்னர்களையும் இந்தியத் துறைமுகங்களுக்கிடையே கொண்டுசெல்ல அந்நியக் கப்பல்களுக்கு உரிமம் தேவையில்லை என்றது. அடுத்த மாதமே வேளாண் விளைபொருள்கள், மீன், உரம் ஆகியவற்றுக்கும் நிபந்தனைகளுடன் தளர்வு நீண்டது. கொழும்பு போன்ற அயல்நாட்டுத் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர்களை இந்தியத் துறைமுகங்களுக்குத் திருப்பவே இது என்பது அரசின் விளக்கம். இந்திய தேசியக் கப்பல் உரிமையாளர் சங்கம் எதிர்த்தது. இந்தியக் கொடி தாங்கிய கப்பலுக்கு எரிபொருள் மீதும், கப்பல் வாங்கும்போதும் வரி. அதன் மாலுமியின் சம்பளத்துக்கு வருமான வரி. வெளிநாட்டுக் கொடிக்கு இச்சுமைகளில் பல இல்லை. கையைக் கட்டிவிட்டு மல்யுத்தத்துக்கு அழைப்பதா என்பதே அவர்களது முறையீட்டின் சுருக்கம். அந்த ஆணை நாடாளுமன்ற விவாதத்துக்கு வந்து பிறந்ததல்ல என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

2025 மே 25-ல் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா-3 கப்பல் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகத்தைக் காட்டியது. லைபீரியக் கொடி தாங்கிய அந்தக் கப்பல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்தது. அதிலிருந்த 24 பேரும் மீட்கப்பட்டனர். ஆனால் 640 கன்டெய்னர்கள் போயின. அவற்றில் 13-ல் அபாயகரமான சரக்கு. கேரளக் கரையை மூடிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையிலும் ஒதுங்கின. கேரள அரசு ரூ. 9,531 கோடி இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்தை நாடியது. இந்த விபத்துக்கும் 2018 தளர்வுக்கும் முடிச்சுப் போடுவது நியாயமன்று. என்றாலும், மீனவர் வலை வீசும் கரையை ஒட்டி ஓடும் கப்பல் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று கரையில் இருப்பவர்கள் கேட்பது நியாயமே.

நிலக்கரி சொல்லும் பாடம்

கடலோரக் கப்பல் எப்போது வெல்லும், எப்போது தோற்கும் என்பதைத் தமிழகம் நெடுங்காலமாக அறியும். ஒடிசாவின் தால்சர் சுரங்க நிலக்கரி ரயிலில் பாரதீப் வருகிறது. அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. இதற்கென்றே 1974-ல் தமிழக அரசு பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது. 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும் முதலில் நிலக்கரிக்காகவே அமைந்தது. ஒரு சரக்கு ரயில் ஏறத்தாழ 4,000 டன் ஏற்றும். 50,000 டன் கப்பல் ஒன்று, பன்னிரண்டு ரயில்களின் வேலையை ஒரே பயணத்தில் முடித்துவிடுகிறது. 2022 கோடையில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்தபோது, சரக்கு ரயில்களுக்கு வழிவிட வட இந்தியாவில் பயணிகள் ரயில்களை ரத்து செய்தார்கள். தண்டவாளம் நிரம்பி வழியும் நாட்டில் கடல் காலியாகக் கிடப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அப்போது தெரிந்தது.

பூம்புகார் கழகத்திடம் ஒரு காலத்தில் தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று மூன்று சொந்தக் கப்பல்கள் இருந்தன. அவை மூப்படைந்து கழிக்கப்பட்ட பின்னர் வாடகைக் கப்பல்களை அமர்த்தித்தான் நிலக்கரி வந்தது. சரக்கு உண்டு, துறைமுகம் உண்டு, கழகமும் உண்டு; கப்பல்தான் இல்லாமல் போயிற்று.

தமிழகத்துக்குப் பொருந்திய வழி எல்லோருக்கும் பொருந்தாது. தட்டுப்பாட்டுக்குப் பின், 2023 ஜனவரி முதல் தால்சர் நிலக்கரியில் ஒரு பகுதியை ரயில், கடல், மீண்டும் ரயில் என்ற வழியில் எடுத்துச் செல்லுமாறு பஞ்சாபை மத்திய மின் துறை அறிவுறுத்தியது. பாரதீப்பில் கப்பலேறும் நிலக்கரி இலங்கையைச் சுற்றிக்கொண்டு குஜராத் சென்று, அங்கிருந்து ரயிலில் பஞ்சாப் போக வேண்டும். முதல்வர் பகவந்த் மான் கடுமையாக எதிர்த்தார். செலவு ஏறும் என்பது அவரது ஒரு வாதம். குஜராத்தின் தனியார் துறைமுகத்துக்கு ஆதாயம் தேடும் வேலை என்பது மற்றொன்று. அடுத்த மாதமே பஞ்சாபுக்கு விலக்கு தரப்பட்டது. அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கடலே இல்லாத மாநிலத்துக்குக் கடல் வழியைக் கட்டாயமாக்கியது விவேகமான தொடக்கமல்ல. சேது சமுத்திரக் கால்வாய் 2005-ல் தொடங்கிப் பாதியில் நின்றதால் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றியே செல்கின்றன என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

கரையில்தான் செலவு

கடலில் டன்னுக்கு ஆகும் செலவு குறைவு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் கரையில். கோவையிலிருந்து ஆமதாபாதுக்கு மோட்டார் பம்ப்புகளை அனுப்பும் ஒருவருக்கு லாரி என்றால் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். கப்பல் என்றால் முதலில் கொச்சிக்கோ தூத்துக்குடிக்கோ லாரி, அங்கே கிரேன், கப்பலுக்குக் காத்திருப்பு, குஜராத்தில் மறுபடி கிரேன், மறுபடி லாரி. போதாக்குறைக்கு, ஒரே நாட்டின் இரண்டு ஊர்களுக்கிடையே போகும் சரக்குக்கும் சுங்கச் சட்டத்தின் கீழ் ஆவணம் வேண்டும். கடலில் மிச்சமாகும் பணம் இப்படிக் கரையில் கரைந்துவிடுகிறது.

அடுத்த சிக்கல் திரும்பும் சரக்கு. மோர்பியில் செய்யும் தரை ஓடுகள் குஜராத் துறைமுகங்களிலிருந்து கன்டெய்னர்களில் கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் வருகின்றன. அதே அளவு கனமான சரக்கு தெற்கிலிருந்து வடக்கே போவதற்கு இல்லாதபோது, போகும் வழியின் வாடகையையும் ஓடு வாங்குபவரே சுமக்க வேண்டியதாகிறது.

பெருந்துறைமுகங்களில் கடலோரக் கப்பல்களுக்குக் கட்டணத்தில் 40 சதவீதம் சலுகை நெடுங்காலமாக உண்டு. ஆனால் சரக்குக் கட்டணத்தில் அனல் மின் நிலக்கரி, கச்சா எண்ணெய், இரும்புத் தாது ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. கடலோரக் கப்பல்கள் பெரும்பாலும் ஏற்றிச் செல்வதே இவற்றைத்தான்! சலுகையை அறிவித்தவர்களுக்குச் சரக்குப் பட்டியலை யாரும் காட்டவில்லை போலும்.

வென்றவர்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1990-களில் அம்புஜா சிமென்ட் நிறுவனம் குஜராத்தின் மூல்துவாரகாவில் சொந்தப் படகுத்துறை அமைத்து, சொந்தக் கப்பல்களில் சிமென்ட்டை மும்பைப் பகுதிக்கும் சூரத்துக்கும் அனுப்பியது. இரு முனையும் தன் கையில் இருந்ததால் நடுவே யாருக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மாறாக, சாலை வழியில் 360 கிலோமீட்டரை 31 கிலோமீட்டராகக் குறைக்கும் என்று 2017 அக்டோபரில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த கோகா-தஹேஜ் படகுப் போக்குவரத்து, தஹேஜில் வண்டல் படிந்து ஆழம் குறைந்ததால் நின்றுபோனது. 2020 நவம்பரில் அது கோகா-ஹசிரா என்று இடம் மாறியது. படகு தயார், பயணிகள் தயார். தூர்வாரும் பொறுப்புதான் கைநழுவிற்று.

சிறு துறைமுகங்கள் யாருக்கு?

அரசியல் இங்கேதான் நுழைகிறது. பெருந்துறைமுகங்கள் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. மற்றவை பொதுப் பட்டியலில் இருந்தாலும் மாநில அரசுகளே அவற்றை நிர்வகித்து வந்துள்ளன. கடலோரக் கப்பலுக்குப் பயன்படக்கூடியவை கடலூர், நாகப்பட்டினம் போன்ற சிறு துறைமுகங்களே. பெரிய துறைமுகத்தில் பன்னாட்டுக் கப்பலுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்வரை இந்தத் தொழில் வளராது. 2021 ஜூனில் இந்தியத் துறைமுக மசோதாவின் வரைவு வந்தபோது, அது மாநிலங்களின் அதிகாரத்தைப் பறிக்கிறது என்று தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் மற்ற கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்த மசோதா திருத்தப்பட்ட வடிவில் 2025 ஆகஸ்டில், கடலோரக் கப்பல் சட்டம் நிறைவேறிய அதே மழைக்காலக் கூட்டத்தொடரில் நிறைவேறியது. இதிலும் விவாதத்தைவிட அமளியே மிகுதி. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகளைப் பற்றி எந்த உறுப்பினரும் கேள்வி கேட்க அந்த நாள்களில் இடமே இருக்கவில்லை.

2026 பிப்ரவரி 1-ஆம் தேதி நிதிநிலை அறிக்கையில் நிர்மலா சீதாராமன், கடலோரச் சரக்கு ஊக்குவிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார். நீர்வழியின் பங்கை 6 சதவீதத்திலிருந்து 2047-க்குள் 12 சதவீதமாக்குவது நோக்கம். தால்சரையும் பாரதீப்பையும் இணைக்கும் ஒடிசாவின் ஐந்தாவது தேசிய நீர்வழியும் அதே உரையில் இடம்பெற்றது. அது இயங்கினால் எண்ணூருக்கு வரும் நிலக்கரி சுரங்கத்தருகிலேயே படகேற முடியும்.

ஊக்குவிப்பு என்றால் மானியம். அது யாருக்கு? லாரியைக் கைவிட்டுக் கப்பலுக்கு வரும் சரக்கு உரிமையாளருக்கா, கப்பல் நிறுவனத்துக்கா? கப்பல் நிறுவனத்துக்கு என்றால் அது எந்தக் கொடிக்கு? ஐரோப்பிய ஒன்றியம் 2003 முதல் 2013 வரை மார்கோ போலோ என்ற பெயரில் இத்தகைய திட்டத்தை நடத்தியது. அதை ஆராய்ந்த ஒன்றியத்தின் தணிக்கை அமைப்பு, மானியம் இல்லாமலே நடந்திருக்கக்கூடிய பணிகளுக்கும் பணம் போயிருக்கிறது என்று 2013-ல் குறை கண்டது. நமது திட்டத்தின் விதிகளைக் கப்பல் துறையின் நாடாளுமன்ற நிலைக்குழு ஆராயும்போது, உறுப்பினர்கள் அந்த அறிக்கையையும் வரவழைத்துப் படிக்கலாம்.