தவழாத தம்பியும் நடப்பான்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் மனையியல் நடத்துகிறேன். "சமையல் பாடம்தானே டீச்சர்?" என்று இன்னமும் கேட்கிறார்கள். சமையலும் உண்டு. ஆனால் என் மாணவிகள் ஆசையாகப் படிப்பது குழந்தை வளர்ச்சியை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து அம்மா வரும்வரை தம்பி தங்கை இவர்கள் இடுப்பில்தானே! ஆண்பிள்ளைகள் மனையியலை எடுப்பதே அபூர்வம். எனக்கு அது குறைதான்.

அங்கன்வாடியில் எடை பார்க்க வரும் கைக்குழந்தைகளிடம் ஒரு சின்னச் சோதனை செய்வோம். கிலுகிலுப்பையைத் துண்டால் மூடினால், ஐந்து மாதக் குழந்தை அதை மறந்து வேறெங்கோ பார்க்கும். பத்து மாதக் குழந்தை துண்டை இழுத்துப்போட்டுவிட்டுச் சிரிக்கும். கண்ணில் படாத பொருளும் இருக்கிறது என்ற அறிவு எட்டு மாத வாக்கில் தலைகாட்டுகிறது என்றார் சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே. அதற்கும் முன்பே அது தொடங்கிவிடுகிறது என்பது பின்னால் வந்தவர்கள் கட்சி.

"தம்பி தவழவே இல்லை டீச்சர், பயமாயிருக்கு" என்றாள் ஒருத்தி. தவழாமலே நடந்துவிடும் குழந்தைகளும் உண்டு. உலக சுகாதார நிறுவன ஆய்வின்படி, பெரும்பாலான குழந்தைகள் 18 மாதத்துக்குள் தனியாக நடந்துவிடும். அதற்கு மேலும் நடக்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொன்னேன்.