இறாலுக்கு மைனஸ் 18, டிரைவருக்கு? டிரெய்லர் ஏசி பற்றிக் கொஞ்சம் விளக்கமாக

மதியம் இரண்டு மணி. கடலூர் சாலையில் தவளக்குப்பம் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஓரமாக ஒரு கன்டெய்னர் டிரெய்லர் நிற்கிறது. பின்னால் இருக்கும் வெள்ளைப் பெட்டி குளிர்சாதனப் பெட்டி. உள்ளே உறைந்த இறால், மைனஸ் 18 டிகிரி. முன்னால் இருக்கும் கேபினில் டிரைவர் இரண்டு கதவையும் திறந்து வைத்து, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே வண்டி, ஒரே டீசல், இரண்டு பருவம்.

அந்தச் சந்திப்பிலிருந்து உள்ளே திரும்பினால் அபிஷேகப்பாக்கம். எங்கள் பெரியப்பா வீடு அங்கேதான். முப்பது வருஷத்துக்கு மேல் டிரெய்லர் ஓட்டியவர். "ஏசி போட்டா தூக்கம் வரும்டா, அதனாலதான் வைக்கலன்னு ஓனர் சொல்லுவாரு. வேர்வையில தூக்கமே வராம மூணு நாள் ஓட்டினா என்ன வரும்னு அவரு கேட்டதே இல்ல" என்பார். இப்போது அவர் மருமகன், எனக்கு மாமா முறை, புது வண்டி ஓட்டுகிறார். அதில் ஏசி இருக்கிறது. இருந்தும் இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குகிறார். ஏன்? அதைப் புரிந்துகொள்ள வண்டியின் இணைப்பிலிருந்து தொடங்கலாம்.

அது என்ன 'ஐந்தாவது சக்கரம்'?

டிரெய்லர் லாரியில் இழுக்கும் வண்டி வேறு, சுமக்கும் வண்டி வேறு. இழுக்கும் வண்டியின் முதுகில் குதிரை லாடம் மாதிரி நடுவே பிளவுள்ள, கிரீஸ் பூசிய ஒரு கனமான இரும்புத் தட்டு இருக்கும். டிரெய்லரின் அடியில் இருக்கும் 'கிங் பின்' என்ற தடித்த ஆணி அந்தப் பிளவில் வந்து பூட்டிக்கொள்ளும். அந்தத் தட்டுக்குத்தான் ஃபிஃப்த் வீல், ஐந்தாவது சக்கரம் என்று பெயர். குதிரை வண்டிக் காலத்துப் பெயர் அது. நாலு சக்கரம் போக, முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வாக்கில் ஒரு வளையம் வைத்திருந்தார்கள். அதுதான் ஐந்தாவது. 1914இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஒரு மர வியாபாரியின் படகை ஃபோர்டு காரில் கட்டி இழுக்க ஒரு வண்டி செய்து கொடுத்தார். இன்று நெடுஞ்சாலையில் ஓடும் செமி டிரெய்லர்களின் கதை அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

நம் ஊரில் இந்த இணைப்பு சரக்குக்கு மட்டும். அமெரிக்காவில் இதே இணைப்பில் வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறார்கள். பிக்கப் வண்டியின் பின் தொட்டியில் பூட்டும், 30 முதல் 40 அடி வரை நீளமுள்ள நடமாடும் வீடு. சினிமா ஷூட்டிங்கில் பார்க்கிற கேரவனுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடுகளை வாங்குகிறவர்கள் முதலில் விவாதிப்பது ஏசியைப் பற்றித்தான். அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் நம் லாரி கேபினுக்கும் அப்படியே பொருந்துகிறது.

எத்தனை டன் போதும்?

அந்த வீடுகளில் ஏசி கூரை மேல் இருக்கும். வழக்கமான அளவுகள் இரண்டு: 13,500 பிடியு, 15,000 பிடியு. நம் கணக்கில் ஒரு டன் என்பது 12,000 பிடியு. அதாவது ஒன்றே கால் டன் வரைதான். நம் பெட்ரூமில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி மாட்டுகிறோம். அவர்கள் ஒரு முழு வீட்டுக்கு இப்படி ஒன்று, பெரிய வீடு என்றால் இரண்டு அல்லது மூன்று வைக்கிறார்கள்.

எத்தனை வைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது வெயில் இல்லை, கரன்ட். அங்கே 120 வோல்ட். முகாம் மைதானத்தில் 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். ஒரு ஏசியே 1,500 முதல் 1,800 வாட் வரை இழுக்கும். இரண்டாவதைப் போட்டால், மைக்ரோவேவைத் தொட்ட நிமிடம் டிரிப். 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு லைன் வரும், மொத்தம் 12,000 வாட். எனவே இரண்டு ஏசி உள்ள வீடு வாங்குகிறவர் கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் பிளக்கைப் பார்க்கிறார்.

இன்னொரு விஷயம், கடலோரத்துக்காரர்களான நமக்கு இது முக்கியம். தேவைக்கு மேல் பெரிய ஏசி நல்லதில்லை. அது சட்டென்று அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் போதாது. புதுச்சேரி புழுக்கத்தில் தெர்மாமீட்டர் 24 காட்டும், உடம்பு மட்டும் பிசுபிசு என்று இருக்கும். வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது ஆவியாவதில்லை. அதனால் சின்னதாக, தொடர்ந்து ஓடுகிற ஏசியே நமக்கு மேல்.

ஏசியை விட சுவர் முக்கியம்

அமெரிக்க டிரெய்லர் வீடுகளில் இரண்டு வகைக் கட்டுமானம். ஒன்று, மரச்சட்டம் அடித்து, நடுவில் பஞ்சு மாதிரிக் காப்பு வைத்து, வெளியே நெளி அலுமினியத் தகடு போர்த்துவது. விலை குறைவு, பழுது பார்ப்பது சுலபம். இன்னொன்று, அலுமினியச் சட்டத்துக்கு நடுவே ஃபோம் வைத்து, வெளியே ஃபைபர் கிளாஸ் ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே பலகையாக அழுத்துவது. எடை குறைவு, பார்க்கவும் பளபளப்பு. ஆனால் எங்காவது ஒரு ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் ஒட்டு விட்டுப்போய்ச் சுவர் தோசை மாதிரி உப்பிக்கொள்ளும்.

எது நல்லது? வாங்குகிறவர்கள் இதில் காலம் காலமாகச் சண்டை போடுகிறார்கள். எனக்கென்னவோ கேள்வியே தப்பு என்று தோன்றுகிறது. அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். நடுவில் எவ்வளவு நல்ல ஃபோம் இருந்தாலும் சட்டம் வழியாக வெயில் உள்ளே வந்துவிடும். மரச்சட்டம் அந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. ஆனால் பஞ்சு, வண்டி ஆடுகிற ஆட்டத்தில் சரிந்து கீழே இறங்கி, மேலே காலி இடம் விட்டுவிடும். பொருளை விட வேலை செய்த கைதான் வித்தியாசம்.

குறிப்பாக, குளிர்ந்த காற்று போகும் கூரைக் குழாய்கள். ஏசி இறங்கும் இடத்தில் குளிர் காற்று அறையையும், திரும்பி வரும் சூடான காற்று அறையையும் ஒரு சின்னத் தடுப்பு பிரிக்கிறது. அதில் விரல் அளவு இடைவெளி இருந்தாலும் குளிர் காற்று அறைக்கு வராமல் அப்படியே ஏசிக்கே திரும்பிவிடும். மெஷின் தனக்குத்தானே குளிர்வித்துக்கொண்டிருக்கும். பழகியவர்கள் புது வண்டி வாங்கியதும் முதலில் செய்வது, கிரில்லைக் கழற்றி அலுமினிய டேப் ஒட்டுவது. லட்சக்கணக்கில் விலை கொடுத்த வண்டியில் ஒரு டேப் சுருள்தான் நிஜமான முன்னேற்றம்!

நம் லாரிக்கு வந்த விதி

இந்தியாவில் 2023 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2025இல் அமலுக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் என்2, என்3 வகை சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம். என்2 என்றால் மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை. அதற்கு மேல் என்3, டிரெய்லர் இழுக்கும் வண்டிகள் இதில் வரும். ஏசியைச் சோதிக்க ஐஎஸ் 14618 என்ற தரம். நாற்பது டிகிரியைத் தாண்டிய வெயிலில் 12, 14 மணி நேரம் ஓட்டுகிறவர்களின் நிலையை அமைச்சர் நிதின் கட்கரி அதற்கு முன்பே மேடைகளில் பேசிவந்தார்.

கவனிக்க வேண்டியது, விதி புது வண்டிக்கு மட்டும். தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரி எதுவும் மாற வேண்டியதில்லை. பெரியப்பா ஓட்டிய மாதிரி வண்டிகள் இன்னும் பல வருஷம் ஓடும்.

இங்கேதான் கட்டுமானத் தரம் வருகிறது. நம் ஊரில் லாரியை இரண்டு விதமாக வாங்கலாம். கம்பெனியே செய்த முழு இரும்பு கேபினோடு வருவது ஒன்று. முன் முகமும் இன்ஜினும் சேசியும் மட்டும் வாங்கி, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டும் பட்டறையில் கேபின் கட்டிக்கொள்வது இன்னொன்று. அதற்கு 'கவுல்' என்று பெயர். கவுல் வண்டியில் ஏசி எப்படி என்பதுதான் விதி வந்ததும் எழுந்த பெரிய கேள்வி. டாடா மோட்டார்ஸ் 2025இல் கவுல் வண்டிகளுக்கும் கம்பெனியிலேயே பொருத்திய ஏசியைக் கொண்டுவந்தது.

பட்டறை கேபின் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். மரம் இரும்பை விட வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும். பழைய டிரைவர்கள் பலர் மரக் கேபினை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். சிக்கல் சந்துகளில். கதவு ரப்பர், தரையில் கியர் கம்பி வரும் ஓட்டை, ஒயர் நுழையும் துளை, ஜன்னல் சட்டம். காற்றோட்டத்துக்காகக் கட்டிய கேபினில் ஏசியை மாட்டினால், ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதைதான். அதோடு, நம் லாரிகளில் இன்ஜின் டிரைவரின் காலுக்கடியில், சீட்டுக்கு நடுவே இருக்கிறது. வெளி வெயில் பாதி என்றால் உள்ளே இருந்து வரும் சூடு மீதி. அந்த இன்ஜின் மூடியின் அடியில் ஒழுங்கான காப்பு இல்லாவிட்டால் எத்தனை டன் போட்டும் கால் எரிச்சல் போகாது.

இன்ஜினை அணைத்த பிறகு?

மாமா ஜன்னலைத் திறந்து தூங்குவதற்குக் காரணம் இதுதான். லாரி ஏசியின் கம்ப்ரஸரைச் சுற்றுவது இன்ஜின் பெல்ட். இன்ஜின் நின்றால் குளிரும் நின்றது. துறைமுக வாசலில் எட்டு மணி நேரம் வரிசையில் நிற்கும்போது ஏசிக்காக இன்ஜினை ஓட விட்டால், மணிக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் 16 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்றால் 1,440 ரூபாய்.

"அந்தக் காசு யாரு தர்றது? டிரிப்புக்கு இவ்ளோ டீசல்னு கணக்கு போட்டுதான் குடுக்குறாங்க. அதுக்கு மேல போனா என் பேட்டாவுலதான் கைய வெப்பாங்க" என்கிறார் மாமா. ஏசி பட்டன் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை அழுத்தும் செலவு அவர் பையிலிருந்து போகிறது.

இதற்கு பேட்டரியில் ஓடும் பார்க்கிங் ஏசி விற்கிறார்கள். லாரி மின்சாரம் 24 வோல்ட். 700 வாட் இழுக்கும் ஏசி என்றால் சுமார் 29 ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 230 ஆம்பியர் மணிக்கு மேல் வேண்டும். வண்டியில் 150 ஆம்பியர் மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். காலையில் செல்ஃப் எடுக்க வேண்டுமே, அதனால் பாதிதான் செலவழிக்கலாம். இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்தது. தனியாக ஒரு லித்தியம் பேட்டரி வைத்தால் இரவு ஓடும், செலவு ஏறும். ஆனால் கேபின் சந்தில்லாமல், கூரையில் நல்ல காப்போடு இருந்தால் கம்ப்ரஸர் விட்டு விட்டுத்தான் ஓடும், அதே பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். வாங்குகிற நேரத்தில் கூரைக்கு ஃபோம் போடச் செலவழிப்பது பின்னால் பேட்டரிக்குச் செலவழிப்பதை விடச் சுலபம்.

வேனை கேம்பராக மாற்றுவது, தோப்பில் கன்டெய்னர் வீடு வைப்பது என்று யோசிக்கிற நண்பர்களுக்கும் இதே கணக்குதான். செங்கல் சுவர் மெதுவாகச் சூடேறும். தகரப் பெட்டி பத்து நிமிடத்தில் அடுப்பாகிவிடும். ஏசி விலை விசாரிக்கும் முன், மதியம் ஒரு மணிக்கு அந்தப் பெட்டிக்குள் போய்க் கூரையில் கை வைத்துப் பாருங்கள். பிறகு கதவைச் சாத்தி, எங்கிருந்தெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று பாருங்கள். வெளிச்சம் வரும் வழியில்தான் சூடும் வரும்.

மாமா போன மாதம் தன் செலவில் ஒரு வேலை செய்தார். பட்டறையில் சொல்லி இன்ஜின் மூடிக்கு அடியில் புதுக் காப்பு ஷீட், இரண்டு கதவுக்கும் புது ரப்பர். பகலில் இப்போது ஏசியை இரண்டாம் நம்பரில் வைத்தாலே போதுகிறதாம். இரவுக்கு இன்னும் வழி இல்லை. பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ரப்பருக்கு ஓனரு காசு குடுத்தாரா மாப்ள?"

இல்லையாம்.