அணையத் தெரியாத விளக்கு

போன பிப்ரவரியில், முடிச்சூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பள்ளிக்கூட ஆண்டு விழா. அக்கா மகள்தான் யசோதை. மடியில் துணிப் பொம்மைக் கண்ணன். தாலாட்டு முடிந்து குழந்தை கண்ணயரும்போது மேடை வெளிச்சமும் மெல்ல மெல்ல அடங்கி இருட்டில் கரைய வேண்டும். பாதி வரைக்கும் ஒழுங்காகத்தான் இறங்கியது. அப்புறம் விளக்குகள் எல்லாம், ஸ்டார்ட்டர் போன ட்யூப்லைட் மாதிரி, வெடவெடவென்று துடித்தன. டப்பென்று அணைந்தன. "கரண்ட் போச்சு" என்றது ஒரு குரல். பத்துப் பதினைந்து செல்போன் டார்ச்சுகள் யசோதையின் முகத்தில் பாய்ந்தன.

விழா முடிந்ததும் விளக்குக்காரரைப் போய்ப் பிடித்தேன். "என்னண்ணே, ஃபியூஸ் போயிடுச்சா?"

"அதெல்லாம் இல்ல சார். பல்பு புதுசு, எல்இடி. டிம்மர் பழசு. ரெண்டுக்கும் ஆகல" என்றார், மாமியார் மருமகள் விவகாரம் சொல்வதுபோல.

அவர் சொன்னது சரி. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கி அலைகிறது. அரை அலைகளாக எண்ணினால் நொடிக்கு 100. பழைய டிம்மருக்குள் இருக்கும் டிரையாக், ஒவ்வொரு அரை அலையிலும் முன்பகுதியைக் கத்தரித்துவிட்டு மிச்சத்தை மட்டும் விளக்குக்கு விடுகிறது. வெளிச்சம் குறைய வேண்டுமா, இன்னும் கொஞ்சம் கத்தரிக்கும். அவ்வளவுதான் அதன் வித்தை.

பழைய ஹாலஜன் பல்பு இதைக் கண்டுகொள்வதே இல்லை. அதற்குள் இருப்பது பழுக்கக் காய்ந்த டங்ஸ்டன் கம்பி. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் ஒரு தோசைக்குச் சூடு வைத்திருக்கிறதே, அப்படித்தான் அதுவும். இடையில் மின்சாரம் விட்டுப்போகும் அந்த, நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் கம்பி ஆற முடியாது. ஆகவே வெளிச்சம் ஒரே சீராகத் தெரிகிறது. டிம்மரின் வெட்டுக்காயங்களை எல்லாம் கம்பியின் சூடு மூடி மறைத்துவிடுகிறது.

எல்இடியில் சூடான கம்பி கிடையாது. மின்சாரம் நின்ற கணத்தில் ஒளியும் நிற்கும். போதாததற்கு, டிரையாக் திறந்தே இருக்க ஓரளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆயிரம் வாட் விளக்குக்காகச் செய்த டிம்மரில் பத்து வாட் எல்இடியை மாட்டினால், அந்த அளவு ஓட்டம் கிடைக்காமல் டிரையாக் பாதியில் மூடிக்கொள்ளும், திறக்கும், மறுபடி மூடும். அன்றைக்கு யசோதை தலைக்கு மேல் நடந்தது அதுதான்.

இதற்கு விளக்குக்காரர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. மேடைக்குப் பின்னால், திரைக்கு அப்பால், சுவரைப் பார்த்தபடி ஒரு பழைய ஹாலஜனை அதே லைனில் தொங்கவிட்டுவிடுவார்கள். டிம்மருக்கு வேண்டிய சுமை கிடைக்கும், துடிப்பு நிற்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்இடி வாங்கிவிட்டு, அதற்குத் துணையாக 500 வாட்டை யாரும் பார்க்காத சுவருக்கு வார்ப்பது! ஆனாலும் வேலை நடக்கிறது.

சரி, துடிப்பு நின்றது. அந்த 'டப்' ஏன்? அது பாதி நம் கண்ணின் கணக்கு. விளக்கின் ஒளியை ஒளிமானியில் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், கண்ணுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகத்தான் குறைந்ததாகத் தெரியும். நூற்றில் ஒன்றாக்கினாலும் பத்து சதவீதம் மிஞ்சியதுபோல இருக்கும். இருட்டு நெருங்க நெருங்க நம் கண் அவ்வளவு கூர்மை. இப்போது, ஐந்து சதவீதம் வரை மங்கும் என்று விற்கப்படும் எல்இடியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நம் கண்ணுக்கு இருபத்திரண்டு சதவீதம். அங்கிருந்து நேராக இருட்டுக்குள் குதிக்கிறது. மாடிப்படியில் கடைசி நாலு படி இல்லாமல் இறங்குவதுபோல.

மேடைக்கென்றே செய்த நல்ல எல்இடி விளக்குகளில் இந்தக் குறை கிட்டத்தட்ட இல்லை. அவற்றை டிம்மரில் மாட்டவே கூடாது. முழு 230 வோல்ட்டும் நேராகப் போக வேண்டும். 'எவ்வளவு எரி' என்ற கட்டளை மட்டும் டிஎம்எக்ஸ் என்ற தனிக் கம்பியில் வரும். 1986இல் அமெரிக்காவில் வகுத்த முறை அது. சாதாரணமாக அதில் ஒரு விளக்குக்கு ஒரு சேனல், 256 படிகள். கேட்க நிறையத் தோன்றும். ஆனால் அடிமட்டத்தில் முதல் படியிலிருந்து இரண்டாவதற்குப் போனால் வெளிச்சம் இரட்டிப்பாகிவிடும், தாவுவது கண்ணில் படும். அதனால்தான் தரமான விளக்குகள் இரண்டு சேனல்களைச் சேர்த்து 65,536 படிகளாக்கிக்கொள்கின்றன.

நிறத்தில் இன்னொரு வம்பு. ஹாலஜன் முழுசாக எரியும்போது சுமார் 3,200 கெல்வின். மங்க மங்கச் சிவந்து, அந்தி வெயில் மாதிரி ஆகும். எல்இடி மங்கினாலும் அதே வெள்ளைதான். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அந்த நீலத்தைச் சாதித்ததற்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல். ஆனால் மலிவான வெள்ளை எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு பஞ்சம். அரக்குப் பட்டு காப்பிப் பொடி நிறத்தில் தெரியும். பெட்டியில், நிறம் காட்டும் தரத்துக்கு, 'சிஆர்ஐ 80' என்று போட்டிருப்பார்கள். அது வெளிர் நிறங்கள் எட்டைப் பார்த்துப் போட்ட சராசரி. ஆழ்ந்த சிவப்புக்கான ஆர்9 மதிப்பெண் அந்தக் கணக்கிலேயே சேராது. பட்டும் குங்குமமும் மருதாணியும் ஏறும் நம் மேடைக்கு வேண்டியதே அந்த ஆர்9தான்.

இதனால் ஹாலஜனே தெய்வம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் வாட் பார் (PAR) விளக்கு இருபது போட்டால் 20 கிலோவாட். ஜெனரேட்டர் திணறும், ஆடுகிற பிள்ளைக்கு மேக்கப் வழியும், வண்ண ஜெலட்டின் தாள் வெளுத்துச் சுருளும். பல்பை வெறுங்கையால் தொடக்கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடம் கூடுதலாகச் சூடேறி வெடிக்கும் என்று துணியால் பிடித்து மாட்டுவார்கள். டிரையாக் டிம்மரின் இரைச்சல் மைக் கம்பிக்குள் புகுந்து வயலினோடு சேர்ந்து முனகுவதும் உண்டு. எல்இடியில் இதெல்லாம் இல்லை. (சிலவற்றில் மின்விசிறி இரைகிறது, அது வேறு கதை.) ஆனாலும் 2018இல் பிரிட்டனின் ஒளியமைப்பாளர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய மின்சிக்கன விதிகள் பழைய மேடை விளக்குகளை ஒழித்துவிடும் என்று கொடி பிடித்தார்கள். 2021 செப்டம்பரில் விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மேடை விளக்குகளுக்கு விலக்குகள் இருந்தன.

நம் ஊரில் நடப்பதோ பல்பை மட்டும் மாற்றும் வேலை. ஹாலஜனும் டிம்மரும் ஜோடியாகப் பிறந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் அனுப்ப முடியாது. மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள். பணம் போதாதென்றால், முகத்தில் விழும் நாலு விளக்கை மட்டும் ஹாலஜனாகவே விட்டுவிட்டு, பின்னணி வண்ணங்களை எல்இடிக்குக் கொடுத்துவிடலாம். நீலமும் பச்சையும் எல்இடிக்குக் கைவந்த கலை.

ஆண்டு விழாவுக்கோ அரங்கேற்றத்துக்கோ மண்டபம் பார்க்கப் போகிறவர்கள், சாப்பாட்டுக்கூடத்தையும் கார் நிறுத்துமிடத்தையும் பார்த்தபின் ஒரு நிமிஷம் மேடை முன் நில்லுங்கள். எல்லா விளக்கையும் பத்து நொடியில் மெதுவாக அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசி இரண்டு நொடியை மட்டும் கண் கொட்டாமல் பாருங்கள். அட்வான்ஸ் அதற்கப்புறம்.